"நம்பிக்கையா இருங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க

துக்கத்துல இருக்கிறவங்ககிட்ட "நம்பிக்கையா இருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நகர்ந்து போறதைப் பார்த்தா கோவம் வருது. ரொம்ப நாளா வர்ற கோவம். இன்னிக்கு எழுதித் தீர்த்துடலாம்னு உட்கார்ந்தாச்சு.

கிளறி விட்டது ஒரு வாட்ஸ்அப் குழு. சிறுசேரி பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு (பேர் வேண்டாம்). அங்க ஒரு வீட்டுல, நம்ம ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் அடிக்கடி நடக்கிற மாதிரியே, ஒரு விபத்துச் சாவு. தகவல் குழுவுல வந்த கொஞ்ச நேரத்துல கும்பிட்ட கைகளா வந்து குவிஞ்சது. சூரிய உதயப் படம். "எல்லாம் நன்மைக்கே." "காலம் எல்லாக் காயத்தையும் ஆற்றும்." "கடவுள் சோதிப்பார், கைவிட மாட்டார்."

அந்த நேரத்துல அந்த வீட்டுக்கு என்ன தேவைப்பட்டுச்சு தெரியுமா? செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில போஸ்ட்மார்ட்டம் முடியற வரைக்கும் பிணவறை வாசல்ல கூட நிக்க ஒரு ஆள். எஃப்.ஐ.ஆர். நகலுக்கு ஸ்டேஷனுக்கு நடக்க ஒரு ஆள். ஃப்ரீசர் பாக்ஸ், ஷாமியானா, பிளாஸ்டிக் சேருக்கு போன் போட ஒரு ஆள். ஸ்கூல்ல இருக்கிற சின்னப் பிள்ளையை, காரணம் சொல்லாம, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர ஒரு ஆள்.

மேல் மாடியில இருக்கிற ஒரு அக்கா குழுவுல ஒண்ணுமே எழுதல. நேரா போய் அந்த வீட்டு அடுப்பைப் பத்த வெச்சு, காபியும் உப்புமாவும் பண்ணி, அழுதுட்டு இருந்த அம்மா பக்கத்துல உட்கார்ந்து, "ரெண்டு வாய் சாப்பிடுங்கம்மா, மாத்திரை போடணும்ல"ன்னாங்க. அவ்வளவுதான் அவங்க பேசினது.

உடைஞ்சு போனவங்க எழுந்து நின்ன கதைகளைக் கொஞ்ச நாளா தேடித் தேடிப் படிச்சதுல ஒண்ணு புரியுது. நம்பிக்கை முதல்ல வர்றதில்ல. முதல்ல கைக்கு ஏதோ ஒரு வேலை வருது. யாருக்கோ செய்ய வேண்டிய ஒரு வேலை. அதைச் செஞ்சு முடிச்ச பிறகு, ரொம்ப நாள் கழிச்சு, நம்பிக்கை மெதுவா வந்து சேருது. இதுக்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம், நம்ம பக்கத்து ஊர்லயே இருக்கு.

சிறுசேரியில இருந்து ஓ.எம்.ஆர்.ல தெற்கே போங்க. கேளம்பாக்கம், திருப்போரூர் தாண்டி பூஞ்சேரி வரும். நேரா போனா மாமல்லபுரம். மேற்கே திரும்பினா திருக்கழுக்குன்றம். வேதகிரீஸ்வரர் மலைக்கோயில் இருக்கிற ஊர். பட்சிதீர்த்தம்னும் பேர். தினமும் உச்சி வேளையில ரெண்டு கழுகு மலைக்கு வந்து, பண்டாரம் கையால வைக்கிற பிரசாதத்தைச் சாப்பிட்டுப் போறதைப் பார்க்க ஒரு காலத்துல கூட்டம் அலைமோதும்னு பெரியவங்க சொல்லுவாங்க. பல வருஷமா கழுகு வர்றதில்ல. ஆனா ஜனங்க படியேறுறதை நிறுத்தல. அந்த ஊர் அப்படி.

அந்த ஊர்ல டாக்டர் அசோகன், டாக்டர் புஷ்பாஞ்சலின்னு ஒரு தம்பதி. ரெண்டு பேருமே ஊர் ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவங்க. அவங்க மகன் ஹிதேந்திரன். வயசு 15. 2008 செப்டம்பர் 20, சனிக்கிழமை. மோட்டார் சைக்கிள் விபத்து. தலையில பலமான அடி. சென்னையில தேனாம்பேட்டை அப்போலோவுக்குக் கொண்டு போனாங்க. அடுத்த ரெண்டு மூணு நாள்ல, மூளைச் சாவுன்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க.

இந்த "மூளைச் சாவு"ங்கிறதைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். இது தெரியாம மீதிக் கதையோட கனம் புரியாது.

ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே நிக்கிற அப்பா அம்மாவுக்கு என்ன தெரியும்? பிள்ளையோட நெஞ்சு ஏறி இறங்குது. தொட்டா உடம்பு சூடா இருக்கு. மானிட்டர்ல இதயத் துடிப்பு கோடு கோடா ஓடுது. முகத்துல ஒரு கீறல்கூட இல்லாம இருக்கலாம். "போயிட்டான்"னு சொன்னா எப்படி நம்புவாங்க? ஆனா அந்த மூச்சு வென்டிலேட்டர் கொடுக்கிற மூச்சு. இதயத்துக்குன்னு தனியா ஒரு தாளம் உண்டு, ஆக்சிஜன் வந்துட்டு இருந்தா கொஞ்ச நாள் அதுபாட்டுக்குத் துடிக்கும். மூளைத்தண்டு செத்துப் போனா திரும்பி வர வழியே கிடையாது. இது கோமா இல்ல. கோமாவுல இருந்து எழுந்து வந்தவங்க உண்டு. மூளைச் சாவுல இருந்து ஒருத்தரும் வந்ததில்ல.

அதனாலதான் சட்டம் இதுல அவ்வளவு கறாரா இருக்கு. 1994-ல வந்த மத்திய உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நாலு டாக்டர்கள் கொண்ட குழு பார்த்து உறுதி பண்ணணும். உறுப்பை எடுக்கிற, பொருத்துற அணியில இருக்கிறவங்க அந்தக் குழுவுல இருக்கக் கூடாது. ஒரு தடவை பார்த்தா போதாது. குறைஞ்சது ஆறு மணி நேரம் விட்டு மறுபடி முதல்ல இருந்து எல்லாச் சோதனையும். கண்ணுல டார்ச் அடிப்பாங்க, பாப்பா சுருங்குதான்னு. பஞ்சு நுனியால கருவிழியைத் தொடுவாங்க, இமை துடிக்குதான்னு. கடைசியா வென்டிலேட்டரைக் கழட்டிட்டு, ஆக்சிஜன் மட்டும் குழாய் வழியா கொடுத்துக்கிட்டு, நெஞ்சையே பார்த்துட்டு நிப்பாங்க. ரத்தத்துல கரியமில வாயு ஏற ஏற உயிருள்ள மூளை "மூச்சு விடு"ன்னு கட்டளை போட்டே ஆகணும். அந்த ஒரு அசைவு வருதான்னு பார்க்கிறாங்க. வரலேன்னா, முடிஞ்சது.

ஹிதேந்திரனோட அப்பா அம்மா டாக்டர்கள். அந்தச் சோதனைகளோட அர்த்தம் அவங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல. சமயத்துல இதுவே பெரிய தண்டனைன்னு தோணுது. மத்த வீட்டுல "அப்படியெல்லாம் இருக்காது, ஏதாவது அதிசயம் நடக்கும்"னு பிடிச்சுத் தொங்க ஒரு நூலாவது இருக்கும். இவங்களுக்கு அதுவும் இல்ல.

அந்த நிலைமையில அவங்க எடுத்த முடிவுதான் உறுப்பு தானம். இதயம், கல்லீரல், சிறுநீரகங்கள், கண்கள்.

இதயத்துக்கு நேரம் ரொம்பக் கம்மி. சிறுநீரகத்தைப் பதப்படுத்தி ஐஸ் பெட்டியில வெச்சா ஒரு நாள் வரைக்கும்கூடத் தாங்கும். கல்லீரல் அதுல பாதி நேரம். இதயத்துக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம்தான், அதுக்குள்ள இன்னொரு நெஞ்சுல துடிக்கணும். எடுக்கிற நேரம், தைக்கிற நேரம் எல்லாம் அதுலயே அடக்கம். ரோட்டுக்குன்னு ஒதுக்க நிமிஷங்கள்தான் மிச்சம்.

இதயம் போக வேண்டிய இடம் முகப்பேர்ல ஃப்ரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனை. டாக்டர் கே.எம். செரியனோட மருத்துவமனை. (1975-ல பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில இந்தியாவோட முதல் பைபாஸ் ஆபரேஷனைச் செஞ்சவர் அவர்தான். 2025 ஜனவரியில காலமாயிட்டார்.) அங்க காத்திருந்தது பெங்களூரைச் சேர்ந்த 9 வயசுச் சிறுமி.

தேனாம்பேட்டையில இருந்து முகப்பேருக்குப் பகல்ல கார்ல போனவங்களுக்குத் தெரியும் அது என்ன பாடுன்னு. சென்னைப் போக்குவரத்து போலீஸ் வழி நெடுக நின்னாங்க. ஒவ்வொரு சிக்னல்லயும் மத்தப் பக்கத்து வண்டிகளை நிறுத்தி வெச்சு, வயர்லெஸ்ல "கிளம்பியாச்சு, தாண்டியாச்சு"ன்னு சொல்லிச் சொல்லி ஒரு பாதையைத் திறந்து விட்டாங்க. ஆம்புலன்ஸ் 11 நிமிஷத்துல போய்ச் சேர்ந்தது.

11 நிமிஷம். தமிழ்நாட்டுல உறுப்பு தானத்தோட சரித்திரத்தை இந்த 11 நிமிஷத்துக்கு முன்னாடி, பின்னாடின்னு பிரிச்சுடலாம். "கிரீன் காரிடார்"ங்கிற பேரே அப்ப யாருக்கும் பழக்கமில்ல. அடுத்த நாள் டீக்கடை, பஸ், பள்ளிக்கூடம் எங்கேயும் இதே பேச்சு. உறுப்பு தானம்னா என்னன்னு கேள்விப்படாத கிராமத்துலகூட ஹிதேந்திரன் பேர் தெரிஞ்சது. 2011-ல மலையாளத்துல 'டிராஃபிக்', 2013-ல தமிழ்ல 'சென்னையில் ஒரு நாள்'னு படமாகவும் வந்தது. படம் பார்த்தவங்க நிறைய பேருக்கு அது நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து வீட்டுக் கதைன்னு இன்னிக்கும் தெரியாது. சொல்லி வைங்க.

இந்தக் கதைக்கு முன்னாடி நடந்த ஒண்ணையும் சொல்லியாகணும்.

2004 சுனாமியில வள்ளமும் வலையும் போன மீனவக் குடும்பங்கள் வட சென்னையில எர்ணாவூர் குடியிருப்புல தங்கியிருந்தாங்க. கடன் கழுத்தை நெரிச்சதுல, அங்கே பல பெண்கள் சிறுநீரகத்தை வித்துட்டாங்கங்கிறது 2007 ஆரம்பத்துல வெளியே வந்து நாடே அதிர்ந்தது. இடைத்தரகர்கள் சொன்ன தொகையில பாதிகூடக் கைக்கு வரலேன்னு அவங்க வெளிப்படையா சொன்னாங்க. ஏழையோட உடம்பு சந்தைச் சரக்கா ஆகக் கூடாதுன்னா, இறந்தவங்ககிட்ட இருந்து நேர்மையா உறுப்பு கிடைக்க வழி வேணும்ங்கிற பேச்சு அப்பதான் சூடு பிடிச்சது. சென்னையில டாக்டர் சுனில் ஷ்ராஃப் 1997-லயே தொடங்கின மோகன் ஃபவுண்டேஷன் இதைப் பத்து வருஷமா கத்திக்கிட்டிருந்தது. 2008-ல தமிழ்நாடு அரசு அதுக்கான விதிமுறைகளை ஒண்ணொண்ணா ஆணையாப் போட்டு, யாருக்கு எந்த வரிசையில உறுப்பு போகணும்னு ஒரு பொதுப் பதிவேட்டைக் கொண்டு வந்தது. அரசு மருத்துவர் ஜெ. அமலோற்பவநாதன் அந்தத் திட்டத்தை நடத்தினார். அதுதான் பின்னாடி தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமா (டிரான்ஸ்டான்) வளர்ந்தது.

விதிமுறை காகிதத்துல இருக்கு. ஜனங்க மனசு? அதைத் திறந்தது திருக்கழுக்குன்றத்து வீடு. பெத்த பிள்ளையைப் பறிகொடுத்த டாக்டர்களே கொடுத்திருக்காங்கன்னா இதுல தப்பு இருக்காதுன்னு ஜனங்க நம்பினாங்க. ஆயிரம் விளம்பரம் செய்ய முடியாத வேலை அது. தமிழ்நாடு இந்த விஷயத்துல நாட்டுக்கே முன்னோடியா பேர் வாங்கினதுக்கு அந்த ரெண்டு பேர் போட்ட கையெழுத்து ஒரு பெரிய காரணம்.

அசோகனும் புஷ்பாஞ்சலியும் அதோட கதவைச் சாத்திக்கிட்டு உட்காரல. நோயாளிகளைப் பார்க்கிறதைத் தொடர்ந்தாங்க. மகன் பேர்ல அறக்கட்டளை ஆரம்பிச்சாங்க. உறுப்பு தானம் பத்திப் பேசக் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பேசினாங்க. ஒவ்வொரு மேடையிலயும் அந்த செப்டம்பரை மறுபடி மறுபடி சொல்லணும். அது எப்படிப்பட்ட வேலைன்னு யோசிச்சுப் பாருங்க. ஆனா அந்த வேலைதான் அவங்களுக்குக் கிடைச்ச பிடிமானம்னு நினைக்கத் தோணுது. யாரும் அவங்களுக்கு நம்பிக்கையை எடுத்துக் கொடுக்கல. செய்யறதுக்கு ஒண்ணு இருந்தது. செஞ்சாங்க.

இங்கே ஒண்ணு அழுத்திச் சொல்லணும். ஐ.சி.யூ. வாசல்ல "வேண்டாம், எங்களால முடியாது"ன்னு சொல்ற குடும்பமும் உண்டு. அவங்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்ல. மருத்துவமனைகள்ல உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர்னு ஒருத்தர் இருப்பார். நல்லாப் பயிற்சி எடுத்தவங்க சாவுச் செய்தியையும் தானப் பேச்சையும் ஒரே மூச்சுல எடுக்கவே மாட்டாங்க. முதல்ல குடும்பம் அழட்டும். தண்ணி கொடுப்பாங்க. தனியா உட்கார ஒரு அறை ஏற்பாடு பண்ணுவாங்க. ஊர்ல இருந்து தாய்மாமன் வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க. அப்புறம்தான் அந்தக் கேள்வி. "முடியாது"ன்னு பதில் வந்தாலும் அதே மரியாதையோட ஆம்புலன்ஸ் வரைக்கும் கூட வருவாங்க. வாட்ஸ்அப்ல கும்பிடு போடறவங்க இந்த ஒருங்கிணைப்பாளர்கள்கிட்ட ஒரு நாள் பாடம் கேக்கலாம்.

இப்ப நாகப்பட்டினத்துக்கு வாங்க.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம்ம பக்கம் கல்பாக்கம் குடியிருப்புலயும், கோவளத்துல இருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் இருக்கிற மீனவக் குப்பங்கள்லயும் அந்தக் காலை இன்னும் யாருக்கும் மறக்கல. தமிழ்நாட்டுல ஏறக்குறைய 8,000 பேர் செத்தாங்க. அதுல 6,000-க்கும் மேல நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும்.

கரிபீரன் பரமேஸ்வரன் அங்க ஓ.என்.ஜி.சி.யில பொறியாளர். அன்னிக்கு அவரோட பிறந்தநாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. மனைவி சூடாமணி வீட்டுல இருக்க, இவர் மூணு குழந்தைகளையும் வந்தவங்களையும் கூட்டிக்கிட்டுக் கடற்கரைக்குப் போனார். அலை வந்தது. அவர் பிழைச்சார். மூணு குழந்தைகளும் போயிட்டாங்க. கூடப் போன சொந்தங்களும் போயிட்டாங்க. தன் குழந்தைகளைத் தன் கையாலயே அவர் அடக்கம் பண்ணினார்.

அவரும் சூடாமணியும் பின்னாடி பல பேட்டிகள்ல மறைக்காம சொல்லியிருக்காங்க: செத்துடலாம்னு யோசிச்சாங்க. வாழ ஒரு காரணமும் தெரியல. அவங்க கடவுள் நம்பிக்கை உள்ள கிறிஸ்தவக் குடும்பம். அந்த நம்பிக்கை உடனே வந்து அவங்களைத் தூக்கி நிறுத்திடுச்சுன்னு அவங்களே சொல்லல. கோவம் இருந்தது, கேள்வி இருந்தது.

வெளியே வந்து பார்த்தா, இவங்க பிள்ளையை இழந்த மாதிரியே, அப்பா அம்மாவை இழந்த பிள்ளைங்க ஊர் முழுக்க. யார் சோறு போடுவாங்க, எங்க படுக்கிறதுன்னு தெரியாத பிள்ளைங்க. அதுல சிலரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. ஒவ்வொருத்தரா சேர்ந்தாங்க. கொஞ்ச நாள்ல 16 பேர். அப்புறம் முப்பதைத் தாண்டிடுச்சு. மூணு குழந்தைங்க சத்தம் அடங்கிப் போன அதே வீடு. அந்த இல்லத்துக்கு அவங்க வெச்ச பேர் 'நம்பிக்கை'.

பேரை விடுங்க. அந்த வீட்டோட காலை நேரத்தை நினைச்சுப் பாருங்க. முப்பது டிபன் பாக்ஸ். முப்பது பேருக்குத் தலை சீவணும், எண்ணெய் வைக்கணும். ஒருத்தனுக்குக் காய்ச்சல். ஒருத்திக்கு இருட்டுல கடல் சத்தம் கேட்டா தூக்கம் வராது. ரெண்டு பேர் பென்சிலுக்குச் சண்டை. அழறதுக்கு நேரம் கிடைக்கிறதே கஷ்டம்! அந்தப் பிள்ளைங்க அவங்களை அப்பா, அம்மான்னு கூப்பிட்டு வளர்ந்தாங்க. அப்புறம் அவங்களுக்கே ரெண்டு ஆண் குழந்தைகள் பொறந்தாங்க. எல்லாரும் ஒண்ணா வளர்ந்தாங்க. இன்னிக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள்ல பலர் காலேஜ் முடிச்சு, வேலைக்குப் போய், கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க.

கடவுள் நம்பிக்கை? அது திரும்பி வந்தது. பழைய வீட்டுக்கே வந்தாலும் வேற வாசல் வழியா வந்தது. "எங்க குழந்தைகளை ஏன் எடுத்துக்கிட்டார்"ங்கிற கேள்விக்குப் பதில் கிடைச்சதா அவங்க சொல்லிக்கல. ஆனா தங்களை எதுக்கு விட்டு வெச்சார்ங்கிறது தெரியுதுன்னு சொல்றாங்க. பக்தின்னா எனக்கு இது போதும். இதைவிட ஆழமான பிரசங்கம் எதையும் நான் கேட்டதில்ல.

(அதே நாகப்பட்டினத்துல அரசாங்கம் நடத்தின அன்னை சத்யா இல்லத்துல வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. சுனாமி சமயத்துல ஆட்சியரா வந்த ஜெ. ராதாகிருஷ்ணன் அந்தப் பிள்ளைகளோட தொடர்பை விடவே இல்ல. 2022-ல அங்க வளர்ந்த ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு, சுகாதாரத் துறைச் செயலாளரா இருந்த அவரே குடும்பத்தோட வந்து முன்னாடி நின்னு நடத்தி வெச்சார். பதினேழு வருஷம் கழிச்சு! அதிகாரிகள்ல இப்படியும் ஒருத்தர்.)

இன்னொரு ஆள், சுருக்கமா. ஓ.எம்.ஆர். ஆரம்பிக்கிற மத்திய கைலாஷுக்குப் பக்கத்துல, அடையாறு இந்திரா நகர்ல, டி.டி.கே. மருத்துவமனைன்னு ஒண்ணு இருக்கு. குடிப் பழக்கத்துல இருந்து மீட்கிற இடம். அதைத் தொடங்கினவர் சாந்தி ரங்கநாதன். கணவர் ரங்கநாதன், டி.டி. கிருஷ்ணமாச்சாரியோட பேரன், குடியாலயே சின்ன வயசுல செத்துப் போனார். வெளியே சொல்லவே கூசுற சாவா அந்தக் காலத்துல அதை நினைச்சாங்க. சாந்தி அதை மறைக்கல. சமூகப் பணி படிச்ச அவங்க 1980-ல கணவர் பேர்லயே ஒரு நிறுவனத்தை ஆரம்பிச்சாங்க; அது நடத்துறதுதான் இந்த மருத்துவமனை. குடிகாரர்னு ஊரே ஒதுக்கின ஆளை "இது நோய், வைத்தியம் உண்டு"ன்னு உட்கார வெச்சுப் பேசின இடம் நம்ம நாட்டுல அப்ப ரொம்பக் கம்மி. 1992-ல பத்மஸ்ரீ, 1999-ல ஐ.நா.வோட வியன்னா விருது. விருதைவிட முக்கியம், அங்க நோயாளியோட மனைவியையும் கூட்டி வெச்சுத் தனியா கவுன்சலிங் கொடுத்தாங்க. அடி வாங்கி, அவமானப்பட்டு வந்த பொண்டாட்டிக்கும் வைத்தியம் வேணும்னு ஒரு விதவைக்குத்தான் தெரிஞ்சது.

"சரி, இவங்கெல்லாம் பெரிய மனசுக்காரங்க, எங்களால ஆகுமா"ன்னு கேப்பீங்க. கேக்கிறது நியாயம்தான். எல்லாரும் இல்லம் நடத்த முடியாது. நடத்தவும் வேண்டாம். பக்கத்துல போய் உட்காருறது மட்டும் எவ்வளவு வேலை செய்யுதுங்கிறதுக்கு ஒரு ஆய்வே இருக்கு.

சென்னையில 'சிநேகா'ன்னு தற்கொலைத் தடுப்பு அமைப்பு. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல ஆரம்பிச்சது. அதுல போன் எடுக்கிறவங்க டாக்டர்கள் இல்ல, பயிற்சி எடுத்த சாதாரணத் தொண்டர்கள். குடும்பத் தலைவி, ரிட்டயர் ஆனவங்க, ஆபீஸ் போறவங்க. சுனாமிக்குப் பிறகு லட்சுமி விஜயகுமாரும் கூட இருந்தவங்களும் சென்னைக் கடலோரத்துல ரெண்டு இடங்களைப் பார்த்தாங்க. ரெண்டுலயும் நெருங்கின உறவைப் பறிகொடுத்தவங்க. ஒரு இடத்துக்குத் தொண்டர்கள் வீடு வீடா திரும்பத் திரும்பப் போனாங்க. அறிவுரை இல்ல, மாத்திரை இல்ல. உட்கார்ந்து கேட்டாங்க, அவ்வளவே. இன்னொரு இடத்துல அப்படி யாரும் போகல. ஒரு வருஷம் கழிச்சு அளந்து பார்த்தா, தொண்டர்கள் போன இடத்துல மனச்சோர்வு கம்மியா இருந்தது. ஆள் வந்து உட்கார்ந்ததுக்கே இவ்வளவு பலன்!

இதைப் படிச்சப்ப அந்த மேல் மாடி அக்கா ஞாபகம்தான் வந்தது. அவங்க எந்தப் பயிற்சியும் எடுத்ததில்ல. கிராமத்துல சாவு வீட்டுக்கு அடுத்த தெருவுல இருந்து சோத்துப் பானை வர்ற வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவங்க. பத்து நாளைக்கு அந்த வீட்டு அடுப்பு எரியவே விடாத ஊர்கள் இருந்தது. ஓ.எம்.ஆர். குடியிருப்புகளுக்குக் குடி வந்தப்ப நாம கொண்டு வராம விட்டுட்ட சாமான் அதுதான்னு தோணுது. பக்கத்துக் கதவுல இருக்கிறவர் பேர் தெரியாது. செக்யூரிட்டி ஆப்ல வர்ற பேர்தான் தெரியும்.

சாமி விஷயத்துலயும் நம்ம கரையில பார்க்க ஒண்ணு இருக்கு. மாசி மகத்தப்ப மாமல்லபுரம் கடற்கரைக்கு இருளர் குடும்பங்கள் பல மாவட்டங்கள்ல இருந்து வந்து, மணல்ல குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனைக் கும்பிடுவாங்க. கல்யாணமும் அங்கயே நடக்கும். பாம்பு பிடிச்சும் செங்கல் சூளையில உழைச்சும் பிழைக்கிற ஜனங்க, கொத்தடிமை வேலையில இருந்து மீட்கப்பட்டவங்ககூட அதுல உண்டு. அவங்க அம்மன் இருக்கிறது கடல்ல. 2004-ல ஊரை அள்ளிட்டுப் போனதும் அதே கடல்தான். வருஷா வருஷம் வந்து அதே தண்ணியில நின்னு கும்பிடுறாங்க. தனியா இல்ல, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, குழந்தை குட்டியோட. தனியா தூக்க முடியாத நம்பிக்கையைக் கூட்டமா சேர்ந்து தூக்கிக்கிறாங்க. ஒரு மாசி மகத்துக்கு விடியற்காலையில போய்ப் பாருங்க, புரியும்.

மறுபடி உறுப்பு தானத்துக்கு வர்றேன். 2023 செப்டம்பர் 23 அன்னிக்கு, உறுப்பு தானம் செஞ்சவங்களோட இறுதிச் சடங்கு இனிமே அரசு மரியாதையோட நடக்கும்னு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவிச்சார். சில நாள்லயே தேனி மாவட்டத்துல ஒரு அரசு ஊழியருக்கு அந்த மரியாதை நடந்தது. இப்ப செய்தித்தாள்ல அடிக்கடி பார்க்கிறோம். கூலித் தொழிலாளி, லாரி டிரைவர், காலேஜ் பையன். குடிசை வாசல்ல மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ மலர்வளையத்தோட வந்து நிக்கிறார். வாழ்நாள் பூரா அந்தத் தெருப் பக்கமே வராத அரசாங்கம். அந்த அம்மாவுக்கு அது என்ன கொடுக்குங்கிறதை நாம அளக்க முடியாது. "எம்புள்ளை வீணாப் போகல"ன்னு நினைக்க ஒரு சாட்சி கிடைக்குது. நல்ல ஏற்பாடு. மனசாரப் பாராட்டணும்.

பாராட்டோட ஒரு கோரிக்கையும். ஆட்சியர் ஒரு நாள் வருவார். அந்தக் குடும்பத்துக்கு மூணாவது மாசமும், ஆறாவது மாசமும் ஒரு ஆள் வரணும். விதவைப் பென்ஷன் விண்ணப்பம், வாரிசுச் சான்றிதழ், விபத்து இன்ஷூரன்ஸ் வழக்கு, பிள்ளையோட ஃபீஸ். எல்லாரும் போன பிறகு ஆரம்பிக்கிற அலைச்சல் இது. ஒவ்வொரு மாவட்டத்துலயும் இதுக்குன்னு ஒரு பொறுப்பாளரைப் போட்டா பெரிய செலவு ஆகாது. செய்யலாம்.

நமக்குள்ள ரெண்டு விஷயம்.

ஒண்ணு, உறுப்பு தான அட்டையில கையெழுத்துப் போட்டுப் பர்ஸுக்குள்ள வெச்சா மட்டும் போதாது. நம்ம நாட்டு நடைமுறைப்படி அந்த நேரத்துல குடும்பம் சம்மதிச்சாத்தான் எடுப்பாங்க. அதனால இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்டுல சொல்லிடுங்க. "எனக்கு அப்படி ஒண்ணு ஆச்சுன்னா கொடுத்துடுங்க"ன்னு ஒரே ஒரு வாக்கியம். அம்மா "வாயைக் கழுவு"ம்பாங்க. பரவாயில்ல, சொல்லிடுங்க. ஐ.சி.யூ. வாசல்ல அவங்க தனியா நின்னு முடிவெடுக்கிற பாரம் அதால பாதி குறையும்.

ரெண்டு, இதைப் படிக்கிற யாருக்காவது இப்பவே தாங்க முடியாத நேரமா இருந்தா, காத்திருக்காதீங்க. தமிழ்நாடு அரசோட 104, மத்திய அரசோட டெலி மானஸ் 14416, சிநேகா 044-24640050. தமிழ்லயே பேசலாம். உங்க பக்கத்து வீட்டுல அப்படி ஒருத்தர் இருந்தா, வாட்ஸ்அப்பை மூடிட்டு எழுந்து போய்க் கதவைத் தட்டுங்க. என்ன பேசறதுன்னு தெரியலேன்னா பேச வேண்டாம். சாப்பிட்டாங்களான்னு மட்டும் கேளுங்க.